எண்ணிக்கை சரியாகும்வரை

இரும்புக் கதவுகள் இரண்டும் இரண்டு பக்கமிருந்தும் உருண்டு வந்து நடுவில் மோதி மூடிக்கொண்டன. சித்தப்பாவின் முகம் வெளிறியதை அங்கே நான் ஒருத்தி மட்டும்தான் கவனித்தேன்.

ஊருக்கு அவர் பெயர் போன துப்பறிவாளர். எனக்கு அப்பாவின் தம்பி. எப்பேர்ப்பட்ட கொலைகாரனையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசுவார்; லிப்டில் மட்டும் ஏற மாட்டார். குளியலறைக் கதவைத் தாழ் போடாமல், உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று சத்தமாகப் பாடிக்கொண்டே குளிப்பார். சித்திக்கு அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அப்படிப்பட்டவரை ஜன்னலே இல்லாத ஒரு ராட்சசக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"ஏம்மா, இதுல சின்னக் கதவு எதுவும் இல்லையா?" என்று என் காதோரம் கிசுகிசுத்தார்.

"இருக்கு சித்தப்பா. அதையும் பூட்டியாச்சு."

"சாவி?"

"எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி. அந்தம்மா கழுத்துல தொங்குது."

அந்தம்மா என்று நான் சொன்னது இன்ஜினீயர் மேடத்தை. பதவியில் விங் கமாண்டர். இந்த விமானப்படைத் தளத்தின் போர் விமானங்களைப் பழுது பார்ப்பது அவர் பொறுப்பு. அவற்றுக்கு வேண்டிய உதிரி பாகங்களை வாங்கி இருப்பு வைத்து மற்ற தளங்களுக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். சிரித்து ரொம்ப நாளான முகம். ஹேங்கர் என்கிற அந்த விமானக் கொட்டகையின் நடுவில் நின்றுகொண்டு, "ஷூவைக் கழட்டுங்க. பாக்கெட்டை வெளிய இழுத்துக் காட்டுங்க" என்று மெக்கானிக்குகளை வரிசையில் நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்.

காணாமல் போனது ஒரு ஸ்பேனர்.

சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பலகை. வரிசை வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு ஸ்பேனரோ குறடோ திருப்புளியோ. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே வடிவத்தில் கறுப்பு மையில் ஒரு நிழல் தீட்டியிருந்தார்கள். கருவியை எடுத்தால் நிழல் பல்லை இளிக்கும். எது இல்லை என்று எட்ட நின்றே சொல்லிவிடலாம். இப்போது விரல் நீளத்துக்கு ஒரே ஒரு நிழல் வெறுமனே இருந்தது.

"இத்தனூண்டு ஸ்பேனருக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றேன்.

கருவிகளுக்குப் பொறுப்பான சார்ஜென்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் அன்று நகைச்சுவைக்கு இடம் கொடுக்கிற நிலையில் இல்லை.

"இத்தனூண்டு ஸ்பேனர் விமானத்துக்குள்ள எங்கயாவது விழுந்து கிடந்தா, மேல போனதும் உருண்டு போய் எதுக்காவது நடுவுல உக்காந்துக்கும். அப்புறம் பைலட் எதைத் திருப்பினாலும் திரும்பாது. அதான் ஒண்ணு குறைஞ்சாலும் கதவைச் சாத்திடுவோம். எண்ணிக்கை சரியாகும்வரை உள்ள இருக்கிறவங்க வெளிய போக முடியாது, வெளிய இருக்கிறவங்க உள்ள வர முடியாது. தளபதியே வந்தாலும் வாசல்லதான் நிக்கணும்."

"பாத்ரூம்?"

"உள்ளயே இருக்கும்மா."

"அது போதும். நான் குடித்தனமே நடத்திடுவேன். சித்தப்பா, நீங்க?"

சித்தப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு மூச்சை எண்ணி விட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் இங்கே வந்ததே இந்தக் கருவி மாயத்துக்காகத்தான். தளபதி முந்தின நாள் சீருடை இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு முறை இப்படி நடந்துவிட்டதாம். கதவைச் சாத்தி, சல்லடை போட்டுச் சலித்து, பறக்க வேண்டிய பொழுதெல்லாம் கழிந்த பிறகு, காணாமல் போன கருவி தன் ஆணியிலேயே சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருக்குமாம். இரண்டு முறையும் அதை முதலில் பார்த்தவர் சார்ஜென்ட். பார்த்ததே அவருக்கு வினையாகிவிட்டது. அவரே எடுத்து அவரே மாட்டுகிறார் என்பது தளபதியின் முடிவு. இன்று மாலைக்குள் வேறு ஆள் அகப்படாவிட்டால் சார்ஜென்டைக் காவலில் வைத்துவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மதியம் நாங்கள் வந்து, வாசலில் கைப்பேசிகளைக் கொடுத்துவிட்டு, ஹேங்கரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது முறையும் நடந்தது. திருடனைப் பிடிக்க வந்தவர்கள் திருடனோடு சேர்ந்து உள்ளே மாட்டிக்கொண்டோம்.

வெளியே நல்ல வெயில். தகரக் கூரை காய்ந்து, உள்ளே காற்றே இல்லை. எண்ணெய் நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

"மூணாவது தடவை!" என்று ஒரு குரல் உயரத்திலிருந்து வந்தது. மூக்கில் ஏழாம் எண் எழுதிய விமானத்தின் ஏணி மேல், பறக்கும் உடையோடு கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பைலட். மீசை இப்போதுதான் அடர்ந்து வருகிற வயது. "என் வண்டி கிளம்பணும்னு வந்தா போதும், ஸ்பேனருக்குக் கால் முளைச்சிடுது. மேடம், பேசாம எல்லாத்தையும் சங்கிலி போட்டுக் கட்டி வச்சிடுங்களேன். இல்லேன்னா என்னையாவது கட்டிப் போடுங்க."

மெக்கானிக்குகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அடுத்த ஆள் வாங்க" என்றார்.

சித்தப்பாவின் கை என் தோளில் அழுந்தியது. "கேட்டியா?"

"கேட்டேன். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்."

"உனக்கு ஏத்த ஜோடிதான். அவன் சொன்னதைக் கேட்டியான்னு கேட்டேன்."

அவர் சார்ஜென்டிடம் போனார். "மூணு தடவையும் ஒரே கருவியா காணாமப் போச்சு?"

"இல்ல சார். வேற வேற. எல்லாமே சின்னது."

"மூணு தடவையும் நின்னு போனது?"

சார்ஜென்ட் யோசித்தார். கண்கள் மெதுவாக ஏணிப் பக்கம் போயின. "ஏழாம் நம்பர் சார். மத்த வண்டியெல்லாம் வழக்கம்போலப் பறந்துக்கிட்டுத்தான் இருக்கு."

"திருடன் நல்லவன் சித்தப்பா," என்றேன். "எடுத்ததைத் துடைச்சு அதே ஆணியில மாட்டிடுறான். எங்க அண்ணன் என் சைக்கிளை எடுத்தா ஒரு நாளாவது இப்படித் திருப்பித் தந்திருப்பானா?"

"வாயாடி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. ஒரு வீட்டுல குழந்தையைக் காணோம். அம்மா முதல்ல எங்க ஓடுவா?"

"கிணத்தடிக்கு."

"குழந்தை பரண் மேலயும் இருக்கலாம். கட்டிலுக்கு அடியிலயும் இருக்கலாம். ஏன் கிணத்தடிக்கு ஓடுறா?"

"அங்கதானே பயம்."

"இவங்களுக்கு எங்க பயம்?"

நான் ஏழாம் நம்பரைப் பார்த்தேன். அதன் வயிற்றில் ஒரு மூடிகூடத் திறக்கப்படவில்லை. குப்பைத் தொட்டியைக் கொட்டிப் பார்த்தாயிற்று. சாக்கடை வலையைத் தூக்கியாயிற்று. ஒரு மெக்கானிக்கின் காலுறை ஓட்டை வரை ஊருக்கே தெரிந்துவிட்டது. இன்று காலையிலிருந்து எல்லாரும் வேலை செய்த அந்த விமானத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

"சார்ஜென்ட்," என்று கூப்பிட்டேன், "ஏழாம் நம்பருக்குள்ள எப்ப தேடப் போறீங்க?"

"கடைசியில பாத்துக்கலாம்னு மேடம் சொல்லிட்டாங்கம்மா. எப்பவுமே அப்படித்தான் சொல்வாங்க."

சித்தப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஸ்பேனர் விமானத்துக்குள் இருக்குமோ என்ற பயத்தில்தான் இந்தக் கதவே மூடப்பட்டது. கதவை மூடிய மேடத்துக்கு மட்டும் அந்தப் பயம் இல்லவே இல்லை.

அப்போது சுவரில் இருந்த தொலைபேசி அலறியது. மேடம் எடுத்தார். தளபதியின் குரல் எனக்கே கேட்டது. "கிடைச்சுதா இல்லையா? இன்னிக்கு அந்த வண்டி பறந்தே ஆகணும். மேலிடத்துக்கு எல்லா வண்டியும் தயார்னு சொல்லிட்டேன்!"

"தேடிக்கிட்டு இருக்கோம் சார்," என்றார் மேடம். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் உளறிக் கொட்டியிருப்பேன்.

சித்தப்பா பலகையை நெருங்கினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சிறு பிள்ளைகள் வேலிக் கம்பிகளைத் தட்டிக்கொண்டே போவதுபோல ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நடந்தார். டிங். டிங். டிங். எனக்கு எரிச்சலாக வந்தது. மூச்சு முட்டியதில் மனிதருக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று நினைத்தேன். இரண்டு வரிசை முடிந்தது. மூன்றாவது வரிசையின் ஓரத்தில், உள்ளங்கையைவிட அகலமான தலையோடு தொங்கிய ஒரு பெரிய ஸ்பேனரைத் தட்டினார்.

டிடிங்.

பேனா நின்றது. அதைத் தட்டினார் மறுபடியும். ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம். நான் பலகையோடு கன்னத்தை ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். பெரியவனுக்குப் பின்னால், அதே ஆணியில், சின்னவன் ஒண்டிக்கொண்டிருந்தான்.

அடப்பாவமே! பலகையை விட்டு அது நகரவே இல்லை. இந்த மனிதர்கள் பலகைக்கு முன்னால் நின்று எத்தனை முறை பார்த்திருப்பார்கள்! ஆனால் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பது எது குறைகிறது என்று பார்க்கத்தான். காலியாக இருந்த நிழலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆணியில் ஒன்று கூடுதலாகத் தொங்கும் என்று எவர் மனதிலும் தோன்றவில்லை. அவர்களின் அந்தப் பழக்கத்தை நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் அங்கே மாட்டியிருக்க வேண்டும்.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அவர் கை ஈரமாக இருந்தது.

"சித்தப்பா, ஒரு வார்த்தை சொன்னா கதவு திறந்துடும்!"

"தெரியும்."

"நீங்க வேர்த்துக் கொட்டுறீங்க!"

"அதுவும் தெரியும். வா."

ஹேங்கரின் மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்த ஓர் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி. மேடம் தண்ணீர் குடிக்க அங்கே போனபோது நாங்களும் நுழைந்தோம். சித்தப்பா கதவைச் சாத்தவில்லை. அது அவரால் முடியாது. குரலை மட்டும் தாழ்த்தினார்.

"மூணாவது வரிசை, பெரிய ஸ்பேனருக்குப் பின்னாடி."

மேடத்தின் கையில் இருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது. பிறகு முழுவதையும் குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

"எப்ப எல்லார்கிட்டயும் சொல்லப் போறீங்க?"

"காரணம் தெரிஞ்சப்புறம்."

"காரணம் எதுக்கு? ஆள் கிடைச்சாச்சு, உங்க வேலை முடிஞ்சுது."

"என் வேலை முடியல மேடம். விமானத்தைக் கெடுக்க நினைக்கிறவங்க ஸ்பேனரை அதுக்குள்ள போடுவாங்க. நீங்க அது பக்கத்துலகூடப் போகாத மாதிரி பாத்துப் பாத்து ஒளிச்சிருக்கீங்க. ஏழாம் நம்பரை நீங்க கெடுக்கல. காப்பாத்துறீங்க. யார்கிட்டேர்ந்து?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை நான் அவர் உட்கார்ந்து பார்க்கவில்லை. உட்கார்ந்ததும் வயது தெரிந்தது.

"என்கிட்டேர்ந்துதான்," என்றார்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை எடுத்து என் கையில் வைத்தார். பளபளவென்று புதிதாக இருந்தது. "நகத்தால கீறிப் பாருங்க."

கீறினேன். ஓரம் பொடிப் பொடியாக உதிர்ந்தது.

"பழைய ரப்பர். எண்ணெய் போட்டு மினுக்கி, புது உறையில போட்டு அனுப்பியிருக்காங்க. சோதனை மேசையில வச்சா கொஞ்ச நேரம் தாங்கும், அதனால தேறிடுச்சு. விமானத்தோட இறக்கையும் சக்கரமும் எண்ணெய் அழுத்தத்துலதான் வேலை செய்யுது. அந்த அழுத்தத்தைக் கசியாம பிடிச்சு வைக்கிறது இந்த வளையம்தான். இது உடைஞ்சா எண்ணெய் வெளிய போயிடும், பைலட் கையில இருக்கிறது வெறும் கட்டை. இது மாதிரி ஒண்ணு ஏழாம் நம்பர்ல இருக்கு. மிச்சம் இருந்த ஒண்ணை இந்த டிராயர்ல போட்டு வச்சிருந்தேன். ஏதோ யோசனையில விரல்ல மாட்டி வளைச்சேன், விரிசல் விட்டுச்சு. அப்பதான் தெரிஞ்சுது."

"தளபதிகிட்ட சொல்லலையா?" என்றேன்.

"சொன்னேன். 'சோதனையில தேறியிருக்கு, வாங்கினதும் நீங்க, சரின்னு கையெழுத்துப் போட்டதும் நீங்க. பறக்கக் கூடாதுன்னா எழுதிக் கொடுங்க, முதல்ல உங்க மேலதான் விசாரணை வைக்கணும்'னார்." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "பறக்கணும்னுதான் நான் இந்தப் படையில சேர்ந்தேன். கண் பரிசோதனையில தள்ளிட்டாங்க. சரி, பறக்கிறவங்களுக்கு வண்டியைத் தயார் பண்ணுவோம்னு இன்ஜினீயர் ஆனேன். நல்லா வேலை பார்த்தேன். நல்லா பார்த்ததுக்குப் பரிசா ஸ்டோரையும் என் தலையில கட்டினாங்க. வாங்குறதும் நான், பொருத்துறதும் நான். இன்ஜினீயரா நான் இதைத் தப்புன்னு சொன்னா, ஸ்டோர் அதிகாரியா நான் குற்றவாளி. வேலை போனா குடியிருக்கிற வீடு போயிடும். வழக்கு வந்தா பேரும் போயிடும். என் பொண்ணு இதே படையில சேர்றதுக்குப் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருக்கா. அம்மா மேல ராணுவ வழக்குன்னா அவளை யாரு சேத்துப்பாங்க? நல்ல வளையத்துக்குச் சொல்லி வச்சிருக்கேன். வந்துக்கிட்டே இருக்கு, வந்தபாடில்ல. வந்தா ஓசைப்படாம மாத்திடுவேன். அதுவரைக்கும் கதவை மூட எனக்கு வேற வழி தெரியல. இந்தத் தளத்துல யாராலயும் மீற முடியாத உத்தரவு இது ஒண்ணுதான்."

எனக்கு அந்தம்மா மேல் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சித்தப்பா இதோடு விட்டுவிடுவார், நாமும் கண்டுகொள்ளாமல் போய்விடலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை.

"பழி சார்ஜென்ட் மேல விழுதே?"

"அது நான் எதிர்பாக்கல. இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

"வளையம் மொத்தம் ஒரு பெட்டி வந்திருக்கும். இங்க ஒண்ணு பொருத்தினீங்க, ஒண்ணு இந்த இழுப்பறையில. மீதி எங்க?"

மேடம் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்கு அப்பால் பைலட் ஒரு மெக்கானிக்கின் ஷூவை ஒளித்துவைத்து விளையாடிக்கொண்டிருந்தார்.

"மேடம்."

"மலைத் தளத்துக்குப் பாதி. கடற்கரைத் தளத்துக்குப் பாதி. நான்தான் அனுப்பினேன். அப்ப எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சப்புறம்?"

"அங்க உடனே பொருத்த மாட்டாங்க, இருப்புலதான் இருக்கும்னு நினைச்சேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நினைச்சுக்கிட்டேன்."

"இங்க நீங்க கதவைச் சாத்தலாம். அங்க யாரு சாத்துவாங்க?"

அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. தப்பிக்க வழி தேடித் தேடி, தான் நிற்கும் இடத்தைச் சுற்றித் தானே சுவர் எழுப்பிக்கொண்ட மனுஷி.

மேசைத் தொலைபேசி அடித்தது. தளபதிதான். "அந்தத் துப்பறியறவரைக் கூப்பிடுங்க!" சித்தப்பா ரிசீவரை வாங்கினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடுகள் உலர்ந்துபோயிருந்தன. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவு திறந்து காற்று வரும். என் சித்தப்பாவுக்கு அந்தக் காற்று எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"ஸ்பேனர் இன்னும் கிடைக்கல சார்," என்றார். "கிடைக்கிறவரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாதாமே, அப்படியா?"

"அதான் விதி!" என்று கத்தினார் தளபதி.

"நல்ல விதி," என்றார். தளபதி அந்தப் பக்கம் போனை வைத்ததும் ரிசீவரை மேடத்திடம் நீட்டினார். "கதவு மூடியிருக்கிறவரைக்கும் உங்களைத் தடுக்க யாரும் வர முடியாது. ரெண்டு தளத்துக்கும் பேசுங்க."

"பேசினா எனக்கு எல்லாம் போச்சு."

"ஆமா."

அவ்வளவுதான் சொன்னார். ஆறுதலாக ஏதாவது சேர்த்துச் சொல்ல மாட்டாரா என்று ஏங்கினேன். சொல்லவில்லை. மேடம் மறுபடி கண்ணாடி வழியாகப் பைலட்டைப் பார்த்தார். "அவனுக்கு என் பொண்ணைவிட ரெண்டு வயசு கூட இருக்குமா?" என்று யாரிடமோ கேட்பதுபோல் கேட்டுவிட்டு, ரிசீவரை வாங்கி இணைப்பகத்திடம் மலைத் தளத்தைக் கேட்டார்.

எங்களுக்கு ஒரு பக்கப் பேச்சுதான் கேட்டது.

"நான்தான்பா பேசறேன். நலம் விசாரிக்க நேரமில்ல. நான் அனுப்பின ரப்பர் வளையம் எதுலயாவது போட்டீங்களா? ... எப்ப? ... அந்த வண்டி இப்ப எங்க?"

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மேலயா? உடனே இறக்கச் சொல்லு. உடனே! சக்கரத்தை இப்பவே இறக்கிப் பாக்கச் சொல்லு. காரணம் கேட்டா என் பேரைச் சொல்லு. நான் வாங்கின சரக்கு மட்டமான சரக்கு, நானே சொன்னேன்னு சொல்லு. ஆமாப்பா, யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். நான் லைன்லயே இருக்கேன், இறங்கினதும் ஒரு வார்த்தை..."

நிறுத்தினார். ரிசீவரை உலுக்கினார். "ஹலோ? ஹலோ?"

ரிசீவரில் உயிரில்லை. அதே சமயம் இரும்புக் கதவில் தடதடவென்று அடி விழுந்தது. "எவ்வளவு நேரமா போன் பிஸி! யார்கூடக் கதை பேசறீங்க உள்ள?" என்று வெளியிலிருந்து தளபதி கத்தினார். "லைனையே வெட்டச் சொல்லிட்டேன்! கண்டுபிடிச்சுட்டுக் கதவைத் திறங்க!"

மேலே போன விமானம் இறங்கியதா இல்லையா என்று தெரியவில்லை. கடற்கரைத் தளத்துக்கு இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எங்களிடம் கைப்பேசி இல்லை, தொலைபேசி இல்லை. சற்று முன்வரை அரணாக இருந்த கதவு மறுபடியும் சிறைக் கதவாகிவிட்டது. நான் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். யாருக்குத் தைரியம் சொல்வதற்காகப் பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மேடம் அறையை விட்டு வெளியே வந்தார். நேராகப் பலகைக்குப் போனார். எல்லாரும் பார்க்க, பெரிய ஸ்பேனருக்குப் பின்னால் கைவிட்டுச் சின்னதை எடுத்து, அதன் நிழல் மேல் மாட்டினார்.

"எண்ணிக்கை சரி," என்றார்.

சார்ஜென்ட் ஓரடி முன்னால் வந்தார். "மேடம்... நீங்களா?"

"நான்தான். மூணு தடவையும். உங்க தலையில வந்து விடியும்னு நினைக்கல. மன்னிச்சிடுங்க." பிறகு ஏணியைப் பார்த்தார். "உங்க வண்டியில நான் போட்ட ஒரு வளையம் சரியில்ல. சொல்லத் தைரியம் வரல. அதான் இப்படிப் பண்ணினேன். கீழ இறங்குங்க."

பைலட் அத்தனை நேரம் உட்கார்ந்து கால் ஆட்டிய ஏணியிலிருந்து, சூடான அடுப்பின் மேலிருந்து இறங்குவதுபோல ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினார்.

மேடம் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி சார்ஜென்டிடம் கொடுத்தார். கதவுகள் கிரீச்சிட்டுக்கொண்டு விலகின. வெளிச்சமும் காற்றும் உள்ளே பாய்ந்தன. சித்தப்பா ஒரே ஓட்டமாக ஓடிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். மேடத்தின் பக்கத்திலேயே நின்றார்.

தளபதி இரண்டு காவலர்களோடு வந்தார். முகம் சிவந்திருந்தது. "யாரு? ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?"

சித்தப்பா தொண்டையைச் செருமினார். அவர் ஏதோ பொய்யைத் தயாராக வைத்திருந்தார், எனக்குத் தெரியும், நல்ல பொய்யாகத்தான் இருந்திருக்கும். மேடம் அதைச் சொல்ல விடவில்லை.

"நான் சார். ஏழாம் நம்பர் பறக்கக் கூடாதுன்னு நான்தான் ஒளிச்சேன். இப்ப எழுதியும் தர்றேன். அதுக்கு முன்னாடி..."

"பைத்தியமா உங்களுக்கு? படையில என்ன விளையாட்டா? இவங்களைக் கூட்டிட்டுப் போங்கய்யா!"

காவலர்கள் இரண்டடி எடுத்து வைத்தார்கள். அப்போது தளபதியின் சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. எரிச்சலோடு எடுத்து, "என்ன?" என்றார். பிறகு கேட்டுக்கொண்டே நின்றார். கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. காவலர்கள் நடுவழியில் நின்றுவிட்டார்கள். 

"மலைத் தளம்," என்றார் கடைசியில். குரல் பாதியாகிவிட்டது. "இறங்கிடுச்சு. சக்கரம் பாதியில நின்னு போச்சாம். கையால பம்ப் அடிச்சு இறக்கியிருக்காங்க. ஓடுபாதை நெடுக எண்ணெய் ஒழுகிக்கிட்டே வந்து நின்னுதாம். உள்ள ரெண்டு பேர் இருந்திருக்காங்க."

பைலட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. எண்ணெய் நாற்றத்தின் மேல் பழியைப் போட்டேன்.

தளபதி மேடத்தை வெகுநேரம் பார்த்தார். திட்டப் போகிறாரா, கும்பிடப் போகிறாரா என்று சொல்ல முடியாத முகம்.

"உங்க வேலை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"கடற்கரைத் தளம் இன்னும் பாக்கி இருக்கு சார்," என்று மேடம் கையை நீட்டினார். "அந்தப் போனைக் கொடுங்க."

அவர் கொடுத்தார்.